மனம் கடிப்பதும் மனம் திரும்புவதும்



தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் சிலுவைப்பாதை முடிந்து சனங்கள் கலைந்துகொண்டிருந்த வேளையில், உயர்தர வகுப்பிற் படிக்கும் ஒரு பிள்ளை இரண்டு ஆங்கில வேதாகமங்களைக் கையில் வைத்துக்கொண்டு எனக்காகக் காத்து நின்றாள். ஒன்று அவளுடைய அம்மப்பா வைத்திருந்த பழைய கத்தோலிக்க மொழிபெயர்ப்பு. மற்றது கனடாவிலிருந்து மாமா அனுப்பிய புதிய மொழிபெயர்ப்பு. மத்தேயு நற்செய்தியின் 27ஆம் அதிகாரத்தை இரண்டிலும் விரித்துக் காட்டினாள்.

"சுவாமி, பழைய புத்தகத்திலை யூதாஸ் 'றிப்பென்ற்' பண்ணினான் எண்டு கிடக்குது. புதுசிலை அவனுக்கு 'றிமோர்ஸ்' வந்தது எண்டு கிடக்குது. இரண்டும் ஒண்டுதானோ? ஒண்டெண்டால், மனஸ்தாபப்பட்டவன் ஏன் கெட்டுப்போனான்?"

கேள்வியின் முதற் பாதி மொழியைப் பற்றியது. பிற்பாதி ஆன்மாவைப் பற்றியது. ஆனால் முதற் பாதியை விளங்கிக்கொண்டால் பிற்பாதிக்கும் வழி பிறக்கும். ஆதலால் இவ்விரு சொற்களையும் இன்று சற்று நின்று பார்ப்போம்.

இரு சொற்களின் வேர்

'றிமோர்ஸ்' என்பது இலத்தீனிலிருந்து வந்த சொல். 'மீண்டும் கடித்தல்' என்பதே அதன் வேர்ப்பொருள். 1340ஆம் ஆண்டில் கன்ரபரி நகரின் புனித அகுஸ்தீனார் மடத்துத் துறவி டான் மைக்கேல் என்பவர், பாவங்களையும் புண்ணியங்களையும் விளக்கும் பிரெஞ்சு நூலொன்றைத் தம் ஊர்ப் பேச்சு மொழியில் பெயர்த்தார். குருக்களின் இலத்தீன் அறியாத எளிய மக்களுக்கென்றே அதை எழுதினார். மனச்சாட்சியின் றிமோர்ஸ் என்பதைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கி, அதையே தம் மொழிபெயர்ப்புக்குப் பெயராக வைத்தார். தமிழிற் சொல்வதானால் 'மனச்சாட்சியின் மறுகடி' என்று வரும். செய்த பாவம் அப்போதே கடித்திருக்கும். ஆனால் அதனோடு விடாது. இரவிற் படுக்கும்போது கடிக்கும், பூசையில் நிற்கும்போது கடிக்கும், இருபது வருடம் கழித்தும் கடிக்கும். இதுவே றிமோர்ஸ்.

'றிப்பென்ரன்ஸ்' என்பதும் பிரெஞ்சு வழியாக இலத்தீனிலிருந்து வந்ததே. தவம், தவம் செய்வோன் என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்கள் எல்லாம் அதன் உடன்பிறப்புக்கள். புனித எரோணிமுஸ் வேதாகமத்தை இலத்தீனில் பெயர்த்தபோது, ஸ்நாபக அருளப்பர் வனாந்தரத்தில் விடுத்த அழைப்புக்கும், யூதாசின் வருத்தத்துக்கும் இந்த ஒரே வேர்ச்சொல்லைத்தான் வைத்தார். அதனாலேயே 1582ஆம் ஆண்டில் றெயிம்ஸ் நகரில் ஆங்கிலக் கத்தோலிக்கர் வெளியிட்ட புதிய ஏற்பாட்டில் யூதாசும் 'றிப்பென்ற்' பண்ணுகிறான். 1611ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளிவந்த அரசன் ஜேம்சின் மொழிபெயர்ப்பிலும் அப்படியே.

ஆனால் மத்தேயு நற்செய்தியின் கிரேக்க மூலத்திலே இரண்டு வேறு சொற்கள் உண்டு. அருளப்பரும் ஆண்டவரும் மக்களை அழைக்கும் சொல் 'மெத்தானோயா' என்பதைச் சேர்ந்தது. உள்ளம் முழுவதும் மாறுதல் என்பது பொருள். யூதாசுக்கு வரும் சொல் 'மெத்தாமெலோமாய்'. பின்னால் நினைத்து வருந்துதல் என்பது பொருள். இந்த வேறுபாட்டைக் காட்டவே, 20ஆம் நூற்றாண்டில் வந்த சில ஆங்கில மொழிபெயர்ப்புக்கள் யூதாசுக்கு 'றிமோர்ஸ்' என்ற சொல்லைத் தெரிந்தெடுத்தன. அப்பிள்ளையின் புதிய புத்தகம் அவ்வகையைச் சேர்ந்தது.

வழக்கிலே உள்ள வேறுபாடு

இனி இவ்விரு சொற்களும் ஆங்கிலப் பேச்சில் எப்படி வழங்குகின்றன என்று பாருங்கள். றிமோர்ஸ் என்பதற்கு இன்றைய வழக்கில் வினைச்சொல் இல்லை. ஒருவனுக்கு றிமோர்ஸ் வரும். அது அவனைப் பிடிக்கும், வாட்டும். ஆனால் அவன் அதைச் 'செய்ய' முடியாது. ஆகவே அதை ஏவலாகச் சொல்லவும் இயலாது. 'றிப்பென்ற்' என்பதோ வினை. அதைச் செய்யலாம், செய்யும்படி கட்டளையிடவும் செய்யலாம். ஆண்டவர் கலிலேயாவில் முதன்முதலாகப் போதித்தபோது கட்டளையாகவே அதைச் சொன்னார். தானாக வந்து பிடிக்கிற ஒன்றை யாரும் கட்டளையிடுவதில்லை. மனிதன் எழுந்து செய்யக்கூடியதைத்தான் கட்டளையிடுவார்கள்.

வேறோர் உதாரணம். கடையிலே விலை கூடிய பொருளொன்றை வாங்கிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் 'ஏன் வாங்கினேன்' என்று வருந்துவதையும் ஆங்கிலேயர் றிமோர்ஸ் என்பார்கள். அதை ஒருவரும் றிப்பென்ரன்ஸ் என்று சொல்வதில்லை. குற்றவாளிக் கூண்டில் நிற்பவன் முகத்தில் றிமோர்ஸ் தெரியவில்லை என்று ஆங்கிலப் பத்திரிகைகள் எழுதும். அது முகத்திலே தெரியக்கூடியது. றிப்பென்ரன்ஸ் முகத்தில் தெரியாது. அடுத்த வருடம் அவன் நடக்கும் பாதையிலேதான் தெரியும்.

நம்முடைய தமிழும் இதைத் தெளிவாகவே சொல்கிறது. 'எனக்கு மனம் குத்துது', 'மனச்சாட்சி உறுத்துது' என்கிறோம். குத்துவது மனம், குத்துப்படுபவன் நான். 'மனந்திரும்பினேன்' என்று சொல்லும்போதோ திரும்பியவன் நானே. நம் முன்னோர் செபித்த 'மனஸ்தாபம்', ஞானோபதேசத்திற் படித்த 'பச்சாத்தாபம்' ஆகிய சொற்களில் உள்ள 'தாபம்' என்பது வெப்பம், எரிவு. ஆங்கிலேயனுக்குக் கடிக்கிறது, எங்களுக்கு எரிகிறது. ஆனால் எரிவதோடு நின்றால் மனிதன் சாம்பலாவான். அதனாற்றான் 'மனந்திரும்புதல்' என்ற சொல் நமக்கு வேண்டியிருக்கிறது. பழைய ஏற்பாட்டின் எபிரேய மொழியிலும் இறைவாக்கினர் இதற்கு வழங்கிய சொல்லின் பொருள் திரும்பி வருதல் என்பதே. அந்தச் சொல்லுக்குக் கால்கள் உண்டு.

வருத்தத்திற் குறைவில்லை

இங்கே ஒரு தவறான எண்ணத்தை விலக்க வேண்டும். யூதாசின் வருத்தம் பொய்யானது, இராயப்பரின் வருத்தமே மெய்யானது என்று சிலர் பிரசங்கிப்பர். நற்செய்தி அப்படிச் சொல்லவில்லை. யூதாஸ் தான் பாவஞ்செய்ததாக வாய்விட்டுச் சொன்னான். காட்டிக்கொடுத்தது மாசற்ற இரத்தத்தை என்று ஏற்றுக்கொண்டான். முப்பது வெள்ளிக்காசையும் திருப்பிக்கொண்டு போனான். நம்மில் எத்தனை பேர் அவ்வளவு செய்திருக்கிறோம்?

இன்னுமொன்று. யூதாசுக்கு வருகிற அதே கிரேக்கச் சொல், அதே மத்தேயு நற்செய்தியின் 21ஆம் அதிகாரத்தில் ஒரு நல்ல மகனுக்கும் வருகிறது. திராட்சைத் தோட்டத்துக்குப் போய் வேலை செய் என்று தந்தை சொல்ல, மாட்டேன் என்றவன், பின்னர் மனம் வருந்திப் போகிறான். அதே சொல், அதே கடி. ஆனால் அந்த மகனின் கால்கள் தந்தையின் தோட்டத்துக்குப் போயின. யூதாசின் கால்கள் எங்கே போயின? கெத்செமனியிலே தன்னைத் 'தோழா' என்று அழைத்தவரிடம் போகவில்லை. தன்னை விலைக்கு வாங்கியவர்களிடம் போனான். அங்கிருந்து தனிமைக்குப் போனான்.

இராயப்பரும் அதே இரவில் மூன்று முறை மறுதலித்தார். அவரும் மனங்கசந்து அழுதார். ஆனால் லூக்காஸ் ஒரு சிறு செய்தியைக் குறித்து வைக்கிறார்: சேவல் கூவியபோது ஆண்டவர் திரும்பி இராயப்பரைப் பார்த்தார். முதலில் திரும்பியவர் ஆண்டவர். மனிதனுடைய திரும்புதல் அதற்குப் பிறகுதான் வந்தது. புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் 7ஆம் அதிகாரத்தில் இதையே விளக்குகிறார். கடவுளுக்கேற்ற துயரம் மனமாற்றத்துக்கும் மீட்புக்கும் இட்டுச்செல்லும் என்றும், உலகத்துக்குரிய துயரமோ சாவில் முடியும் என்றும் எழுதுகிறார். இரண்டுமே துயரந்தான். எந்தப் பக்கம் நடத்திச் செல்கிறது என்பதே வேறுபாடு.

ஒரு வேலியின் கதை

எனக்குத் தெரிந்த ஒரு பெரியவரின் கதையைச் சொல்கிறேன். பாவசங்கீர்த்தனத் தொட்டியிற் கேட்டதல்ல; அவரே பலர் முன்னிலையிற் சொல்லி, மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று எனக்கு அனுமதி தந்தது.

அவருக்கும் அவருடைய தமையனுக்கும் பக்கத்துப் பக்கத்துக் காணி. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது இரு குடும்பமும் வெளிக்கிட்டன. தமையன் குடும்பம் அப்படியே வன்னி சென்று, பின்னர் வெளிநாடு போய்விட்டது. இவர் அடுத்த வருடம் ஊர் திரும்பினார். வேலி முற்றாக அழிந்து கிடந்தது. புதிதாகக் கதியால் நட்டபோது, தமையனின் காணிக்குள் ஆறு அடி தள்ளி நட்டார். கிணறு தம்முடைய பக்கத்துக்கு வந்தது. கேட்பார் ஒருவருமில்லை.

வேலி தழைத்தது, மனமும் கடிக்கத் தொடங்கியது. தமையன் ரெலிபோனில் சுகம் விசாரிக்கும்போதெல்லாம் தொண்டை அடைக்கும். ஆவணியில் மடுமாதா கோவிலுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்துவார். ஒறுத்தல் நாள்களில் ஒரு நேரம் மட்டும் சாப்பிடுவார். கோவில் திருத்த வேலைக்குக் கேட்டதற்கு மேலாகக் கொடுத்தார். எல்லாம் செய்தார், வேலியை மட்டும் தொடவில்லை. இருபது வருடத்துக்கு மேல் இப்படியே போயிற்று.

ஒருநாள் தமையன் இறந்துபோன செய்தி வந்தது. அன்று மாலை அவர் என்னிடம் வந்து, "சுவாமி, இனி ஆரிட்டை மன்னிப்புக் கேக்கிறது? எல்லாம் பிந்திப்போச்சு" என்று சொல்லித் தலையிலடித்து அழுதார்.

"அண்ணன் போட்டார். வேலி போகேல்லையே" என்றேன்.

அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். அடுத்த கிழமை ஆள் பிடித்துக் கதியாலைப் பிடுங்கினார். நில அளவையாளரைக் கொண்டு பழைய உறுதிப்படி அளப்பித்தார். தமையனின் பிள்ளைகளுக்குத் தானே ரெலிபோன் எடுத்து, நடந்ததை மறைக்காமற் சொன்னார். மூத்த மகன் உடனே ஒன்றும் சொல்லவில்லையாம். "சித்தப்பா, பிறகு கதைக்கிறன்" என்று வைத்துவிட்டானாம். அந்த மூன்று நாளும் தமக்கு நரகமாயிருந்தது என்று பெரியவர் சொன்னார். நான்காம் நாள் பிள்ளை எடுத்து, "கிணத்திலை நீங்களும் அள்ளுங்கோ சித்தப்பா, அப்பா இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்" என்றானாம்.

அன்பானவர்களே, அந்த இருபது வருட மெழுகுதிரிகளை நான் இகழவில்லை. மடுமாதா அவற்றைக் கண்டிருப்பாள். ஆனால் அவை றிமோர்சின் மெழுகுதிரிகள். கதியாலைப் பிடுங்கிய நாளே றிப்பென்ரன்சின் நாள். 1551ஆம் ஆண்டில் திரெந்து பொதுச்சங்கம் மனஸ்தாபம் என்பதற்கு வரைவிலக்கணம் கூறியபோது, பாவத்துக்காகத் துக்கப்பட்டு அதை வெறுப்பதோடு, இனிப் பாவஞ்செய்வதில்லை என்ற தீர்மானத்தையும் சேர்த்தே கூறியது. பரிகாரத்தையும் இந்த அருட்சாதனத்தின் ஒரு பகுதியாகவே வைத்தது. வேலி இருந்த இடத்திலேயே இருக்குமட்டும் மனஸ்தாபம் நிறைவடையாது.

'அது எங்களுக்கென்ன?'

இதுவரை குற்றஞ்செய்தவனைப் பற்றிப் பேசினோம். இனி அவனைச் சுற்றியிருக்கும் நம்மைப் பற்றிப் பேச வேண்டும்.

யூதாஸ் தன் குற்றத்தைச் சொல்லப் போனது யாரிடம்? தேவாலயத்துக் குருக்களிடம். பாவியைக் கடவுளிடம் திருப்பிக் கொண்டுவருவதற்கென்றே அபிஷேகம் பெற்றவர்கள் அவர்கள். அவர்கள் சொன்ன மறுமொழி என்ன? அது எங்களுக்கென்ன, உன் பாடு என்பதே. பிலாத்தும் சற்று நேரத்துக்குப் பின் கைகழுவியபோது அப்படியே உங்கள் பாடு என்றான். திரும்ப எண்ணி வந்த ஒருவனுக்குக் கதவு அடைபட்டது. நான் ஒரு குருவாயிருப்பதால் இந்த வசனத்தை வாசிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு நடுக்கம் உண்டாகிறது.

1829ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஒரு பெரிய சிறைச்சாலை திறக்கப்பட்டது. தவம் என்னும் சொல்லிலிருந்தே அதற்குப் பெயரிட்டார்கள். கைதி ஒவ்வொருவனையும் தனியறையில் அடைத்து, ஒருவர் முகத்தையும் பாராமல் வைத்தால், அவன் தன் பாவத்தை நினைத்து மனந்திரும்புவான் என்று நல்லெண்ணத்தோடேயே நம்பினார்கள். 1842ஆம் ஆண்டில் அங்கு சென்று பார்த்த ஆங்கில எழுத்தாளர் சாள்ஸ் டிக்கன்ஸ், உடலை அடிப்பதிலும் கொடியது இது என்று மனம் வெதும்பி எழுதினார். தனிமை மனிதனைக் கடிக்கவைக்கும், திரும்பவைக்காது. திரும்புவதற்கு எதிரே ஒரு முகம் வேண்டும்.

நம் வீடுகளிலும் இப்படிப்பட்ட தனியறைகள் உண்டு. வீட்டுக்குச் சொல்லாமற் கலியாணம் முடித்த மகள், சீட்டுக்காசைத் தொலைத்த மருமகன், குடித்துக் குடும்பத்தைக் குலைத்த தகப்பன், சோதினையிற் பொய் சொன்ன பிள்ளை என்று எத்தனையோ பேர் ஒருநாள் வாசலில் வந்து நின்றிருப்பார்கள். 'இப்பதான் கண் தெரிஞ்சதோ?' என்று கேட்டோமா? அல்லது ஒரு கதிரையை இழுத்துப் போட்டோமா? அவர்கள் உள்ளத்திலிருந்த றிமோர்ஸ், றிப்பென்ரன்சாக மாறியதும் மாறாததும் நம்முடைய முதல் வார்த்தையிலும் தங்கியிருந்தது. ஒருவருடைய கண்ணீரைக் கண்டால், 'உன் பாடு' என்று சொல்லிவிடாதேயுங்கள். அந்தரப்பட்டு நிற்பவரைத் தனியே போகவிடாதேயுங்கள். இருத்திப் பேசுங்கள், கூட நடவுங்கள், குருவிடமோ வைத்தியரிடமோ அழைத்துச் செல்லுங்கள்.

போனவர்களுக்காக

இவ்விடத்தில் சில குடும்பங்களின் நெஞ்சம் நோகும் என்பதை அறிவேன். தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்ட ஒருவரை நினைத்து இன்றும் வாய்திறவாமல் அழுகிற தாய்மார் நம் பங்குகளில் உண்டு. அவர்களுக்குச் சொல்கிறேன்: 1992ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட கத்தோலிக்க திருச்சபையின் மறைக்கல்வி நூல், அப்படி இறந்தோரின் நித்திய மீட்பைக் குறித்து நம்பிக்கை இழக்கலாகாது என்று போதிக்கிறது. பாரமான மனநோயும் வேதனையும் பயமும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்றும், தாம் மட்டுமே அறிந்த வழிகளில் கடவுள் அவர்களுக்கு மனந்திரும்பும் வாய்ப்பை அளிக்க வல்லவர் என்றும் கூறுகிறது. திருச்சபை அவர்களுக்காக வேண்டுகிறது. நீங்களும் பூசை ஒப்புக்கொடுங்கள். அவர்கள் பெயரை வீட்டிலே சொல்லுங்கள்.

யூதாசைப் பற்றியுங்கூட, அவன் நரகத்தில் இருக்கிறான் என்று திருச்சபை ஒருபோதும் வரையறுத்துக் கூறியதில்லை. பிரான்ஸ் தேசத்தின் வெசலே என்னும் ஊரில், புனித மகதலா மரியாள் பேராலயத்தில் 12ஆம் நூற்றாண்டுத் தூண்தலைச் சிற்பமொன்று உண்டு. அதன் ஒரு புறத்தில் இறந்த யூதாஸ். மறு புறத்தில் ஒருவர் அவனைத் தோள்மேற் சுமந்து செல்கிறார். அவர் நல்ல ஆயனே என்று பலர் பொருள் கொள்வர். 2025ஆம் ஆண்டில் மறைந்த பாப்பரசர் பிரான்சிஸ் இச்சிற்பத்தைப் பலமுறை நினைவுகூர்ந்து பேசினார். யூதாசின் கால்கள் ஆண்டவரிடம் போகவில்லை. ஆண்டவரின் கால்கள் அவனிடம் போயிருக்குமோ? அதை அவரிடமே விட்டுவிடுவோம்.

கரி நெருப்பின் அருகே

அருளப்பர் நற்செய்தியில் கரி நெருப்பு இரண்டு இடங்களிற் சொல்லப்படுகிறது. ஒன்று தலைமைக் குருவின் முற்றத்தில், இராயப்பர் குளிர்காய்ந்தபடி ஆண்டவரை மறுதலித்த இடம். மற்றது உயிர்த்த ஆண்டவர் கடற்கரையில் மீன் சுட்டு வைத்திருந்த இடம். அந்தக் கரி மணம் மூக்கில் ஏறியபோது இராயப்பருக்கு மனம் கடித்திருக்காதா? கடித்தேயிருக்கும். ஆனால் ஆண்டவர் பழையதை எடுத்துக் குத்திக்காட்டவில்லை. முதலில் சாப்பிட அழைத்தார். பின்னர் மூன்று முறை மறுதலித்த வாயிலிருந்து மூன்று முறை அன்பை வெளிவரச் செய்தார். அதன் பிறகு வேலை கொடுத்தார். கடி இருந்த இடத்திலே கடமை வந்து அமர்ந்தது.

அந்த மாணவிக்கு நான் சொன்ன மறுமொழியோடு முடிக்கிறேன். மகளே, இரண்டும் ஒன்றல்ல. ஆனால் ஒன்று மற்றதன் வாசல். மனம் கடிப்பது கடவுள் தந்த நன்மையே. கடிக்காத மனம் மரத்துப்போன மனம். ஆனால் வாசலிலேயே ஒருவரும் குடியிருப்பதில்லை. உள்ளே வர வேண்டும்.

இந்தத் தவக்காலத்தில் உங்களை எது கடிக்கிறது? பேசாமல் விட்ட உடன்பிறப்போ, திருப்பிக் கொடாத காசோ, தள்ளி நட்ட வேலியோ? அதற்கு இன்னுமொரு மெழுகுதிரி கொளுத்த முன்னர், ஒரு கதியாலையாவது பிடுங்குங்கள். பாவசங்கீர்த்தனத் தொட்டி திறந்தேயிருக்கிறது. நமக்கு முன்னே திரும்பிப் பார்த்தபடி அவர் நிற்கிறார்.

ஆண்டவருடைய அருள் உங்கள் எல்லோரோடும் இருப்பதாக. ஆமென்.